பனியில் அரைக்கைச் சட்டையோடு நீ

உன் முகம் அச்சடித்த டீசட்டை வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் உறையைக் கிழித்த கையோடு மை வாடை மூக்கில் ஏறியது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த செருப்புக் கடையைத் திறந்தால் வருமே, அந்த வாடை. துவைத்துப் பார்த்தேன், போகவில்லை. பால்கனியில் தொங்கவிட்டேன். கீழே பூக்கடையிலிருந்து ஏறி வரும் மல்லிகை வாசத்தையும் அது கெடுத்துவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. இதை எழுதும்போதும் வீடு முழுக்க அந்த நாற்றம்தான்.

சட்டையின் முன்பக்கம், எவரெஸ்ட் பேஸ் கேம்பில் நம் குழுவினர் பன்னிரண்டு பேரும் நிற்கும் படம். உன் தலையைச் சுற்றி மட்டும் தங்க நிறத்தில் ஒரு வட்டம். கீழே 'மீண்டும் உன்னோடு' என்று வளைந்த எழுத்து. பின்பக்கம் மலேசியா, நேப்பாளம் இரண்டின் கொடிகள், குழுவின் பெயர், டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒருவரின் நல்வாழ்த்து. நீ இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதற்காக மறுபடியும் அதே பேஸ் கேம்புக்கு நினைவுப் பயணமாம். எல்லோரும் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே பாறைமேல் நின்று, அதே மாதிரி இளிக்க வேண்டுமாம்.

எனக்குக் குமட்டுகிறது. நீ இருந்தால், "உனக்கு எதுக்கெடுத்தாலும் வாந்திதான்டி" என்று சிரித்திருப்பாய். ஆனால் இந்த முறை காரணம் உண்டு. அந்தப் படத்தில் நீ இருக்கிறாய், அந்த இடத்தில் நீ நிற்கவே இல்லை. உன்னை அங்கே கொண்டுபோய் ஒட்டியவள் நான்.

நாம் சந்தித்ததே ஒரு வரிசையில். புரோகா மலை, ஞாயிறு காலை, உச்சிக்குப் போக ஆள்மேல் ஆள் நின்ற கூட்டம். எனக்கு முன்னால் நின்ற நீ திரும்பி, "இது மலை ஏறுறது இல்ல, பேங்க்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றாய். நான் அரசாங்கப் பல் மருத்துவமனையில் தாதி, நீ கிள்ளானில் எக்ஸ்ரே எடுப்பவள். நான் நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்க்கிறேன், நீ எலும்பைப் பார்க்கிறாய் என்று சொல்லிச் சிரித்தோம். உச்சிக்குப் போகாமல் பாதியிலேயே இறங்கி, காஜாங்கில் தேத்தண்ணி குடித்தோம். அடுத்த சனிக்கிழமையே அம்பாங் பக்கம், குடியிருப்புக்குப் பின்னால் பழைய ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் ஒரு தடத்தை நீ கண்டுபிடித்துவிட்டாய். அங்கே நம் இரண்டு பேரையும் ஒரு சீனப் பெரியவரின் நாயையும் தவிர யாரும் வருவதில்லை. பதினோரு வருடம் நடந்தோம்.

நடக்கும்போது நீ அதிகம் பேசமாட்டாய். நான் மாமியார் கதையை ஆரம்பித்தால், "மேட்டுல கதை வேணாம், இறக்கத்துல சொல்லு" என்பாய். இறக்கத்தில் கதை மறந்துவிடும். அது உனக்குத் தெரியும்.

அப்புறம்தான் குழு வந்தது. பெட்டாலிங் ஜெயாவில் காப்புறுதிப் பாலிசி விற்கும் ஒருவர் தொடங்கினார். தொடங்கியவர் என்பதால் அவர் எல்லோருக்கும் தலைவர். நுவாங் மலைக்குப் போனாலும் பதாகை, கெசிங் காட்டுக்குப் போனாலும் பதாகை. பதாகையைப் பிடித்துப் படம் எடுத்தபின்தான் தண்ணீர் குடிக்க அனுமதி. நானும் சேர்ந்தேன், உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன். ஆட்கள் கூட இருந்தால் நமக்கும் ஒரு பாதுகாப்பு என்றேன். நிஜக் காரணம் வேறு. படத்தில் நான் நன்றாக இருக்கிறேன் என்று நாலு பேர் சொன்னார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

நேப்பாளம் போகலாம் என்று பேச்சு வந்ததும் நீ என்ன செய்தாய் என்பது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பழைய எக்ஸ்ரே படங்கள் வரும் பெரிய காக்கி உறை ஒன்றை எடுத்து வந்து, அதன் முதுகில் இரண்டு வழிகளை வரைந்திருந்தாய். ஒரு பக்கம் எல்லோரும் போகும் பேஸ் கேம்ப். இன்னொரு பக்கம் லாங்டாங், ஆள் குறைவான பள்ளத்தாக்கு, உயரமும் குறைவு. ஒவ்வொரு இரவும் எங்கே தங்குவது, எவ்வளவு ஏறுகிறோம், எங்கே ஒரு நாள் சும்மா உட்கார வேண்டும், ஒருத்தருக்கு முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்தில் கீழே கொண்டுவரலாம் என்று பென்சிலால் எழுதியிருந்தாய். எந்த மலை என்று நீ முதலில் கேட்கவில்லை. எப்படி இறங்குவது என்றுதான் கேட்டாய். மலையைத் தேர்ந்தெடுக்கும் புத்தி உள்ள ஒரே ஆள் நம் குழுவில் நீதான்.

பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூட்டம் போட்டோம். நீ உறையை விரித்துச் சொன்னாய். தலைவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். கடைசியில், "லாங்டாங் போனேன்னு சொன்னா யாருக்குத் தெரியும்? எவரெஸ்ட்னு சொன்னாத்தான் பேப்பர்ல போடுவான்" என்றார். அவர் போட்ட திட்டத்தில், உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கான ஓய்வு நாட்களில் ஒன்றை வெட்டியிருந்தார். திரும்பி வந்ததும் பாராட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்தாகிவிட்டது, தேதியை மாற்ற முடியாதாம். போகும் முன்பே பாராட்டு விழா. நீ அந்த வெட்டிய நாளின்மேல் விரலை வைத்து, "இது இல்லாம ஏறக்கூடாது" என்றாய். கை தூக்கச் சொன்னார்கள். லாங்டாங்குக்கு உன் கை மட்டும்தான் எழுந்தது. என் கை என் மடியில் இருந்தது. பேஸ் கேம்ப் என்றதும் தூக்கினேன். நீ உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு மோர் ஊற்றினாய்.

பேஸ் கேம்ப் வழியை ஊரெல்லாம் புகழ்கிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். கோவேறு கழுதைச் சாணத்தில் மிதித்து மிதித்து நடந்தோம். பாறை இடுக்கெல்லாம் ஈரத் துடைப்புத் தாள், பிளாஸ்டிக் போத்தல், மனிதக் கழிவு. கழிப்பறைக்கு வெளியே உறைந்த மூத்திரத்தில் வழுக்கி நம் குழுவிலேயே ஒருவர் விழுந்தார். தலைக்குமேல் ஹெலிகாப்டர் ஓயாமல் பறந்தது. நம் ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா? ஸ்பீக்கரைப் பையில் கட்டிக்கொண்டு குத்துப்பாட்டுப் போட்டார்கள். எதிரே வந்த ஒரு ஜப்பானியப் பெண் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள். நான் வெட்கப்படவில்லை, அவளைப் பார்த்துக் கையசைத்தேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது. நீ மட்டும் ஒரு கறுப்புப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் தின்று எறிந்த சாக்லேட் உறைகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தாய். தலைவர் உனக்குச் 'சுகாதார அமைச்சர்' என்று பெயர் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

லோபுச்சேயில் நீ விழுந்தாய். அது பேஸ் கேம்புக்கு ஒரு நாள் முன்னால் உள்ள ஊர். முதல் நாள் மாலையே தலைவலி என்றாய். காலையில் வாந்தி நிற்கவில்லை, நேராக நடக்க வரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாய். வழிகாட்டி உன் கண்ணைப் பார்த்துவிட்டு, இப்போதே கீழே இறங்க வேண்டும், மேலே ஒரு அடி வைத்தாலும் ஆபத்து என்றார். நாற்பது வயதான தன் மைத்துனரை உன்னோடு டிங்போச்சேவுக்கு இறங்கச் சொன்னார். குழுவிலிருந்தும் ஒருவர் கூடப் போனால் நல்லது என்று எங்களைப் பார்த்தார். எல்லோரும் பூட்ஸ் கயிற்றைக் குனிந்து கட்டினோம். நான் உன்னோடு ஒரே அறையில் படுத்தவள், வருடக்கணக்காக நடந்தவள். நீ என்னைப் பார்த்து, "நீ போயிட்டு வா" என்றாய். அந்த வார்த்தை வந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதிதான் என்னை இன்றைக்கும் அருவருக்க வைக்கிறது.

மறுநாள் பேஸ் கேம்ப். எழுத்துப் போட்ட ஒரு பாறை, அதைச் சுற்றிக் கூட்டம். அங்கேயும் வரிசைதான். இந்தப் பக்கம் ஒரு கூட்டம் பதாகையை விரிக்க, அந்தப் பக்கம் ஒருத்தி சீக்கிரம் இறங்கச் சொல்லிக் கத்த, ஐயாயிரம் மீட்டருக்கு மேலே நம் தலைவர் ஒருவனோடு மல்லுக்கு நின்றார். புரோகாவே தேவலை. பதினோரு பேர் நின்று படம் எடுத்தோம். நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் தலைவருக்குக் கவலை. பன்னிரண்டு பேர் கிளம்பிய செய்தி பேப்பரில் வந்துவிட்டது, பதினோரு பேர் படத்தை எப்படிக் கொடுப்பது? நான்தான் சொன்னேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டல்லவா. மகள் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா தவறிவிட்டால், கல்யாணப் படத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் அவரை ஸ்டூடியோவில் ஒட்டிக் கொடுப்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவின் கண்ணாடி முழுக்க அப்படிப்பட்ட படங்கள்தான். அங்கே போய் நம் படத்தையும், நுவாங்கில் எடுத்த உன் படத்தையும் கொடுத்தேன். கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எப்போ தவறினாங்க அக்கா?" என்று கேட்டார். உயிரோடுதான் இருக்கிறாள், அன்றைக்கு வர முடியவில்லை என்றேன். அவர் வேலையை மட்டும் செய்து கொடுத்தார். உனக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உன்னை விட்டுவிட்டுப் போனதற்கு அது சரிக்குச் சரியாகிவிட்டதாம்.

விழாவுக்கு நீ வரமாட்டேன் என்றாய். நான் கெஞ்சிக் கூட்டி வந்தேன். படத்தைப் பற்றி உன்னிடம் சொல்லவில்லை. மேடையில் அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். பனிக்கு நடுவே, கோட்டும் குல்லாவும் போட்ட எங்களுக்கு இடையே, அரைக்கைச் சட்டையோடு நீ. நீ வெகுநேரம் பார்த்தாய். அப்புறம் என் காதருகே குனிந்து, "வெளிச்சம் எனக்கு மட்டும் இடது பக்கம் விழுது" என்றாய். நாள் முழுக்கப் படம் பார்ப்பவள், உன் கண்ணுக்குத் தப்புமா? கொஞ்சம் கழித்துக் கேட்டாய்: "செத்தவங்களத்தானடி இப்படி ஒட்டுவாங்க?"

உன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாய். மைக்கில் ஒரு நிமிடம் பேசிவிட்டு வருகிறேன் என்றாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து, "வேணாம்டி, எல்லாரோட மானமும் போயிடும்" என்றேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, உன் மணிக்கட்டில் இருந்த என் கையைத்தான் பார்த்தாய். பிறகு போனாய், பொன்னாடையை வாங்கிக்கொண்டாய், பேசாமல் இறங்கி வந்தாய். கிளம்பும்போது அதை மடித்து நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனாய். குழுவுக்கு அதற்குமேல் நீ வரவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அம்பாங் தடத்தில், எப்போதும் நிற்கும் இடத்தில், எனக்காகக் காத்திருந்தாய். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்துக் கணையத்தில் புற்று என்றார்கள். நாலே மாதம். உயிரோடு இருந்தவளை ஒட்டியதால்தான் இப்படி என்று குழுவில் ஒருத்தி சாவு வீட்டிலேயே முணுமுணுத்தாள். அவளை அறைந்திருப்பேன். படம் ஒட்டி யாரும் சாவதில்லை. ஆனால் நீ இருக்கும்போதே உன் வாயை நான் பொத்தினேன். அதற்கு ஸ்டூடியோக்காரர் தேவைப்படவில்லை.

இன்று கோயிலில் உன் நினைவுப் பூசை முடிந்து மதியம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் கூட்டம். உன் வீட்டுக்காரரைக் கிள்ளானிலிருந்து வரவழைத்திருந்தார்கள். அந்த ஒட்டுப் படத்தைச் சட்டம் போட்டு, சந்தன மாலை சாத்தி, அவர் கையில் கொடுப்பதாகத் திட்டம். தலைவர் எழுந்து, நீ அன்று பேஸ் கேம்பில் கண்ணீரோடு நின்று ஜெபம் செய்ததாகப் பேசினார். நம்புவாயா? அவருக்கு அது பொய் என்ற நினைவே இல்லை. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார். சுற்றிலும் அந்தச் சட்டைகள், அந்த மை வாடை. சட்டத்தைத் தூக்கி உன் வீட்டுக்காரரிடம் நீட்டியபோது நான் எழுந்துவிட்டேன்.

"அவ அங்க வரவே இல்ல. லோபுச்சேல முடியாம கீழ இறங்கிட்டா. நாங்க அவளை விட்டுட்டுப் போனோம். படத்துல ஒட்டுனது நான்தான்" என்றேன். உட்காரச் சொல்லித் தலைவர் கையைக் காட்டினார். இந்த நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்றார் ஒருவர். இறந்தவருக்கு மரியாதை தெரியவில்லை என்று இன்னொருவர் என் காது படவே சொன்னார். உன் வீட்டுக்காரர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும். வந்த அன்னிக்கே சொல்லிட்டா. உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் என்னைக்காவது சொல்வீங்களான்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அவர் படத்தை வாங்கவில்லை. சாப்பிடவும் இல்லை. எழுந்து எல்லோருக்கும் கை கூப்பிவிட்டுப் படியிறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். நான் பேஸ் கேம்புக்கு வரவில்லை, லாங்டாங் போகிறேன் என்று படியிலிருந்தே குழுவுக்குச் செய்தி போட்டுவிட்டேன். ஓய்வு நாள் ஒன்றையும் வெட்டாமல், மெதுவாக, கூட யாராவது வந்தாலும் வராவிட்டாலும். அரை மணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பதாகை தூக்க ஒரு கை குறைந்த வருத்தம் மட்டும் அவர்களுக்கு இருக்கும்.

இந்த இடத்தில் முடித்திருந்தால் நான் நல்லவளாகியிருப்பேன். நீ கேட்க வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

கொமுட்டர் ரயிலுக்காக உன் வீட்டுக்காரரோடு சென்ட்ரல் வரைக்கும் நடந்தேன். நீ என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லையாம், 'நான்தான் அவளைப் போகச் சொன்னேன்' என்றாயாம். நிலைய வாசலில் நின்று அவர் சொன்னார்: "ஒண்ணுதான் எனக்கு ஆறல. கீழ இறங்கிக் கிடந்த அந்த ரெண்டு நாளும் அவ போன் கிடைக்கவே இல்ல. நான் இங்க பைத்தியம் புடிச்ச மாதிரி கிடந்தேன். அப்புறம் கேட்டதுக்கு, அங்க லைன் இல்லன்னா."

நான் தலையாட்டினேன். "ஆமாண்ணே, அங்கெல்லாம் லைன் இருக்காது" என்றேன். மாடியில் அத்தனை பேர் முன்னால் உண்மை பேசிவிட்டு வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

லோபுச்சே வாசலில் நான் உன்னிடம் கடைசியாகக் கேட்டது என்ன என்று நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். குளிரில் என் போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே போய்ப் படம் எடுக்க வேண்டுமே. நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உன் பவர் பேங்கைக் கேட்டேன். வாய் துடைத்த கையைச் சட்டையில் தேய்த்துவிட்டு, பையைத் துழாவி, எடுத்துக் கொடுத்தாய். டிங்போச்சேயில் லைன் இருந்தது. இரண்டு நாளும் பள்ளத்தாக்கை மேகம் மூடிக்கொண்டதால், லாட்ஜின் சூரிய மின்சாரம் விளக்குக்கே போதவில்லையாம். உன்னோடு இறங்கியவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். உன் போன் அணைந்து கிடந்தது. அவருடைய போனிலிருந்து மலேசியாவுக்கு அழைக்க முடியவில்லை.

ஒரு ஒட்டுப் படத்தைக்கூடப் பொறுக்காதவள் நீ. எனக்காக உன் வீட்டுக்காரரிடம் அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அந்தப் பவர் பேங்க் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. நீ ஒரு நாளும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.